வேகத்துக்கு முன்னால் பிரேக்!

டர்போ கார் வாங்கியவர்களுக்கு அடுத்து வரும் ஆசை, இன்னும் கொஞ்சம் பவர். அண்ணா நகர்க்காரர் ஒருவருக்கும் அப்படித்தான். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்காக, இன்ஜின் ரீமேப் செய்யச் சொல்லி மெக்கானிக்கிடம் போய் நின்றார்.

"அது கிடக்கட்டும் சார், வண்டியை நிறுத்துறதுக்கு என்ன வெச்சிருக்கீங்க?"

திறந்து பார்த்தால், பிரேக் ஆயில் மூன்று வருடப் பழசு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். ஊருக்குள் ஓட்டும்போது தெரியாது. டிராக்கில் நாலு சுற்று விரட்டினால் கொதித்துக் குமிழி கட்டும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். வளைவு மட்டும் அதே இடத்தில்தான் இருக்கும்!

ரீமேப்புக்கு வைத்திருந்த பணம் புது ஆயிலுக்கும் டிராக் பேடுக்கும் போனது. சூடானால் ஏறிவிடும் என்பதால் டயரில் காற்றைக் குறைத்தே ஆரம்பித்தார். வெயிலில் இன்டர்கூலர் திணறும். அதனால் காலையிலேயே ஓட்டம். கடைசிச் சுற்று மெதுவாக. வந்ததும் இன்ஜினைச் சட்டென்று அணைக்கவில்லை, டர்போவுக்குள் தங்கும் ஆயில் கருகிவிடுமே. ஹேண்ட் பிரேக்கையும் தொடவில்லை.

"எவ்வளவு ஸ்பீடுப்பா போனீங்க?" என்று ஓடி வந்தாள் மகள்.

"அதைப் பார்க்கலடா. பெடல் கடைசி வரைக்கும் கல்லு மாதிரி நின்னுச்சு!"