பதிமூன்று ரீசார்ஜ்

வேப்பந்தட்டையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிய ஊர். இரண்டு ஏக்கர் மானாவாரியில் மக்காச்சோளம். வீட்டில் மூன்று செல்போன்: அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, அரசு கலைக் கல்லூரியில் படிக்கும் மகளுக்கு ஒன்று. பத்தாம் வகுப்புத் தம்பி அக்காவின் போனைப் பிடுங்கிப் படிப்பான். குரூப் 4 தேர்வுக்கு அவள் பார்க்கும் இலவச வீடியோ வகுப்புகள் பாதியில் நிற்கும். தினம் ஒன்றரை ஜிபி இரண்டு பேருக்கு எந்த மூலைக்கு?

2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் கட்டணத்தை ஏற்றின. 239 ரூபாய் பேக் 299 ஆனது. "ஒரு போனை நிறுத்தித்தான் ஆகணும்" என்றார் அப்பா. எந்தப் போன் என்று சொல்லவில்லை. மகளுக்குப் புரிந்தது.

அவள் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டாள். பேக் 28 நாளுக்குத்தான். அதனால் வருஷத்துக்குப் பன்னிரண்டு அல்ல, 13 ரீசார்ஜ். ஒரு போனுக்கு 3,887 ரூபாய், மூன்றுக்கும் 11,661. மாசாமாசம் சில்லறையாகப் போவதால் இந்தத் தொகை யார் கண்ணிலும் படுவதில்லை.

அடுத்து வீட்டு இணைப்பு. பி.எஸ்.என்.எல். பைபரில் 449 ரூபாய்த் திட்டம் இருந்தது. மாதம் 3,300 ஜிபி வரை முழு வேகம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 530, வருஷத்துக்கு 6,360. போன்களுக்குப் பேச மட்டும் பேக் போதும். டேட்டா இல்லாத பேக் தந்தே ஆக வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவு போட்டதே பலருக்குத் தெரியாது. வருஷத்துக்கு ஏறக்குறைய 1,850. மூன்று போனுக்கு 5,550. மொத்தம் 11,910.

"இருநூத்தம்பது ரூவா கூடத்தானே வருது?"

"ஆமாப்பா. ஆனா நாலு பேருக்கும் தீராது. யாரு போனையும் நிறுத்த வேண்டாம்."

ஒரே போன் உள்ள வீட்டுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே பழைய ரீசார்ஜே மலிவு. பைபர் எடுத்தால் காட்டில் நிற்கும்போது அப்பா போனில் நெட் வராது. உழவன் செயலியில் வானிலையை வீட்டிலேயே பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். கரண்ட் போனால் வைஃபையும் போகும். அதற்குச் சின்ன பேட்டரி தனிச்செலவு.

பெரிய தடை கம்பிதான். 12,525 ஊராட்சிகளுக்கும் பைபர் கொண்டுபோவது அரசின் டான்பிநெட் நிறுவனத்தின் வேலை. ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை வந்த கம்பி, தெருக்கோடி வீட்டுக்குத் தானாக வந்துவிடாது. கேபிள் டிவி ஆபரேட்டர் மனசு வைக்க வேண்டும். அக்கம்பக்கத்து நாலு வீட்டைச் சேர்த்துக்கொண்டு போய்க் கேட்ட பிறகே அவர் இழுத்துத் தர ஒப்புக்கொண்டார். மோடத்துக்கு டெபாசிட் எவ்வளவு, பாதியில் விட்டால் திரும்பக் கிடைக்குமா என்று மகள் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கினாள்.

தை மாதம் சோளம் விற்ற காசில் ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினார்கள். தெருவில் கம்பி தாழ்வாகத்தான் தொங்குகிறது. தட்டை ஏற்றிய டிராக்டர் அறுத்துவிட்டால் கூப்பிட, ஆபரேட்டர் நம்பர் கதவுக்குப் பின்னால் சாக்பீஸில் எழுதியிருக்கிறது.