வாசலைத் திறந்து போட்டுட்டு பீரோவைப் பூட்டி என்ன பயன்?

ஒரு டாக்டர் எதுக்குங்க கம்ப்யூட்டர் பூட்டைப் பத்தி எழுதணும்னு நீங்க கேட்கலாம். நான் எம்.பி.பி.எஸ். படிச்சவன்தான், இன்ஜினியர் இல்லை. ஆனா காரணம் இருக்கு.

உங்க சுகர் ரிப்போர்ட், ஸ்கேன் படம், எச்.ஐ.வி. பரிசோதனை முடிவு, போன் நம்பர், ஆதார் எண். இதெல்லாம் இன்னைக்கு ஏதோ ஒரு சர்வரில் இருக்கு. அந்த சர்வருக்கு ஒரு வாசல் இருக்கு. தூரத்தில் இருக்கிறவர் தன் வீட்டில் உட்கார்ந்தபடியே உள்ளே போய் வேலை செய்வதற்கான வாசல். அதைத்தான் ரிமோட் லாகின் என்கிறார்கள்.

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

2022 நவம்பர் 23. டெல்லி எய்ம்ஸ். காலையில் சர்வர் வேலை செய்யவில்லை. ரேன்சம்வேர். அதாவது, உள்ளே புகுந்தவன் எதையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுகூட இல்லை. நம்ம பீரோவுக்கு அவன் பூட்டைப் போட்டு, சாவிக்குப் பணம் கேட்பான்.

ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. ஓ.பி. பதிவு, அட்மிஷன், டிஸ்சார்ஜ், லேப் ரிப்போர்ட் எல்லாம் பேப்பருக்கும் பேனாவுக்கும் திரும்பின. முக்கிய வேலைகள் பழைய நிலைக்கு வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆனது.

பேப்பரில் எழுதினா என்ன, அந்தக் காலத்தில் எழுதலையான்னு தோணும். எழுதினோம். ஆனா மயக்கத்தில் வரும் நோயாளிக்குப் பென்சிலின் அலர்ஜி உண்டுங்கிற குறிப்பு பூட்டிய சர்வருக்குள் இருந்தா, என் பேனாவுக்கு அது தெரியாது.

எய்ம்ஸ் விவகாரத்தில் இரண்டு பாடம் இருக்கு.

ஒன்று, நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததுதான் காரணம் என்றது அரசின் விளக்கம். எங்க பாஷையில் சொன்னா, அம்மை வந்தவரைத் தனி அறையில் வைக்காமல் ஜெனரல் வார்டில் படுக்க வைத்த மாதிரி.

இரண்டு, தாக்குதலில் சிக்காத ஒரு பேக்கப் சர்வர் இருந்தது. இ-ஹாஸ்பிட்டல் தகவலை அதிலிருந்துதான் மீட்டார்கள்.

சரி, இவங்க உள்ளே வருவது எப்படி? சினிமாவில் காட்டுற மாதிரி பச்சை எழுத்து மழையா பெய்யாது. பல நேரம் பூட்டை உடைக்கிறதே இல்லை. சாவியோட வந்து திறந்துக்கிட்டு போறாங்க.

2024 பிப்ரவரி, அமெரிக்கா. சேஞ்ச் ஹெல்த்கேர் என்ற மருத்துவ பில்லிங் நிறுவனம். திருடப்பட்ட யூசர்நேம், பாஸ்வேர்டை வைத்து ஊழியர்களுக்கான ரிமோட் வாசல் வழியாக நுழைந்தார்கள். அந்த வாசலில் ஓ.டி.பி. மாதிரி இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. ஒன்பது நாள் உள்ளேயே சுற்றிவிட்டு ரேன்சம்வேரை ஏவினார்கள். நிறுவனம் 2.2 கோடி டாலர் கொடுத்தது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 19 கோடி பேர்.

ஒரே ஒரு வாசல். ஒரே ஒரு பூட்டு.

மஹிந்திரா சிட்டியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், தான் வாடகைக்கு எடுத்திருக்கும் ஒரு சின்ன சர்வரின் பதிவேட்டைத் திறந்து காட்டினார். அதில் பெரிசா எதுவும் இல்லை, யாருக்கும் விளம்பரம் செய்யவும் இல்லை. ஆனா வரிக்கு வரி "தவறான பாஸ்வேர்டு". ரூட், அட்மின், டெஸ்ட்னு ஒவ்வொரு பேரா போட்டு யாரோ தட்டிக்கிட்டே இருக்காங்க.

"உன் மேல யாருக்குப்பா இவ்வளவு கோபம்?"னு கேட்டேன். சிரித்தார். "இது ஆள் இல்ல டாக்டர், புரோகிராம். தெருவில் எல்லா வீட்டுக் கதவையும் தள்ளிப் பார்க்கும். திறந்தா உள்ள போகும்."

அதனால் "நம்ம சின்ன கிளினிக், நம்மகிட்ட என்ன இருக்கு"ங்கிற தைரியம் வேண்டாம். கொசு ஆள் பார்த்துக் கடிக்கிறதில்லை.

எங்க ஊர் சிங்கப்பெருமாள் கோவிலில், பாடலாத்ரி குன்றைக் குடைந்த குகைக் கோயிலில் இருப்பவர் நரசிம்மர். இரணியன் வாங்கின வரம் உங்களுக்குத் தெரியும். மனுஷனும் கூடாது, மிருகமும் கூடாது. பகலும் கூடாது, இரவும் கூடாது. உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது. எவ்வளவு பெரிய லிஸ்ட்! வாசற்படி மட்டும் விட்டுப்போச்சு. அங்கே வந்தது சாமி, நம்ம கதையில் வருவது திருடன். ஆனா இடம் அதேதான்.

சின்ன லேப், ஸ்கேன் சென்டர்களில் நான் பார்ப்பது இதுதான். ஆயிரக்கணக்கில் செலவு செய்து ஆன்ட்டிவைரஸ் போட்டிருப்பார்கள். ஆனா பில்லிங் சாஃப்ட்வேர்காரர் வந்து சரிசெய்ய ஒரு ரிமோட் வாசல் இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும். அதன் பாஸ்வேர்டு மானிட்டரில் ஒட்டிய மஞ்சள் சீட்டில் இருக்கும்.

இதைச் சரிசெய்ய என்ன செய்யணும்? சர்வர் வைத்திருப்பவர்கள் உங்க கம்ப்யூட்டர் ஆளிடம் இந்தப் பட்டியலைக் கொடுங்கள்.

1. தேவையில்லாத வாசலை மூடுங்கள். விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் (போர்ட் 3389) நேரடியாக இன்டர்நெட்டைப் பார்த்தபடி இருக்கக் கூடாது. வி.பி.என். வழியாக மட்டும் வரட்டும்.

2. லினக்ஸ் சர்வர் என்றால் எஸ்.எஸ்.எச். (போர்ட் 22) வழியாக நுழைவார்கள். அதில் பாஸ்வேர்டுக்குப் பதில் டிஜிட்டல் சாவி வையுங்கள். சாவியின் ஒரு பாதி உங்க லேப்டாப்பில், மறு பாதி சர்வரில். பாஸ்வேர்டை ஊகிக்கலாம், இதை ஊகிக்க முடியாது. சாவி வேலை செய்கிறதா என்று இன்னொரு விண்டோவில் பார்த்த பிறகே பாஸ்வேர்டு முறையை நிறுத்துங்கள். இல்லையென்றால் நீங்களே வெளியே நிற்பீர்கள். ரூட் கணக்கு நேரடியாக லாகின் ஆவதையும் நிறுத்துங்கள்.

3. இரண்டாவது பூட்டு கட்டாயம். பாஸ்வேர்டு திருடுபோனாலும் செயலியில் வரும் எண் இல்லாமல் கதவு திறக்கக் கூடாது.

4. திரும்பத் திரும்பத் தப்பாகத் தட்டுபவரைத் தானாகவே தடுக்கும் ஃபெயில்2பேன் போன்ற இலவசக் காவலாளி இருக்கிறது. வையுங்கள்.

5. அப்டேட் என்பது தடுப்பூசி. தள்ளிப் போடாதீர்கள். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றைக்கே மூடுங்கள்.

6. பேக்கப். அதில் ஒரு பிரதியாவது சர்வரிலிருந்து கழற்றி வைத்ததாக இருக்கணும். மாதம் ஒருமுறை அதிலிருந்து தகவலை மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப், காலாவதி தேதி பார்க்காத மருந்து மாதிரி.

"போர்ட் 22ஐ வேற நம்பருக்கு மாத்திட்டா போதாதா?" என்பார்கள். தட்டுற சத்தம் குறையும். ஆனா அது சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் ஒளித்து வைக்கிற கதைதான். பூட்டு ஆகாது.

அப்படியும் யாராவது புகுந்துவிட்டால் மறைக்காதீர்கள். 2022 ஏப்ரலில் வந்த உத்தரவுப்படி 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்கணும். நோயை மறைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சர்வரே இல்லாத வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. "பேங்கிலிருந்து பேசறோம், இந்த ஆப்பைப் போடுங்க"ன்னு உங்க அப்பா அம்மாவுக்குப் போன் வருதே, அதுவும் ரிமோட் லாகின்தான். நம்ம கையாலேயே கதவைத் திறந்து விடுகிறோம். பணம் போய்விட்டால் உடனே 1930க்குக் கூப்பிடுங்கள்.

நோயாளிகளாக நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அடுத்த முறை லேபில் ஆதார் எண் கேட்டால், "இது எங்கே இருக்கும்? வெளியே இருந்து இதை யார் யார் பார்க்கலாம்?" என்று கேளுங்கள். சண்டை வேண்டாம், சாதாரணமாகக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால், அஞ்சாவது ஆள் வருவதற்குள் யாராவது போய் அந்த மஞ்சள் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.


அரசு மருத்துவர், சிங்கப்பெருமாள் கோவில்