இடது முழங்கை: சில குறிப்புகள்

பேஸ்பால் பந்து ஒன்று கைக்கு வந்திருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த உறவுக்காரப் பையன் விட்டுவிட்டுப் போனது.

வெள்ளைத் தோல். சிவப்பு நூல். 108 இரட்டைத் தையல்.

எட்டு வடிவத்தில் வெட்டிய இரண்டு துண்டுகள். ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டிருக்கின்றன. பிரித்துப் பார்க்க ஆசை. பையன் கேட்டால் என்ன சொல்வது.

தோல் மண்டி பாயிடம் காட்டினேன். இது என்ன ஆட்டம் என்று கேட்கவே இல்லை. நகத்தால் கீறினார். கட்டைவிரலால் அழுத்தி விட்டார். "படிகாரத்துல போட்டது. தண்ணி பட்டா அவ்ளோதான்." திருப்பிக் கொடுத்துவிட்டு டீ சொன்னார்.

இந்தப் பாலாற்றுப் பக்கம் தோல் பதனிட இப்போது குரோம்தான். டிரம்மிலிருந்து வெளியே வரும்போது தோல் நீலமாக இருக்கும். அதற்கு முந்தைய காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய்.

பேஸ்பாலில் ரிலீஃப் பிட்சர் என்று ஒருவன் உண்டு. முதலில் வீசியவன் களைத்த பிறகு, இல்லை அடி வாங்கிய பிறகு, வருகிறவன்.

அதுவரை மைதானத்து ஓரத்தில், புல்பென்னில் உட்கார்ந்திருப்பான். போன் அடிக்கும். எழுந்து கையைச் சூடாக்குவான். சில நாள் சூடாக்கியதோடு சரி, உட்காரச் சொல்லிவிடுவார்கள். அங்கே வீசிய பந்துகள் எந்தக் கணக்கிலும் வராது.

ஆனால் முழங்கைக்கு?

ரிங்கு சிங். அப்படியொரு பிட்சர். உத்தரப் பிரதேசம், பதோஹி மாவட்டம். அப்பா லாரி டிரைவர். பிள்ளைகள் ஒன்பது பேர், வீட்டில் அறை ஒன்று.

ஈட்டி எறிந்துகொண்டிருந்தவன். பேஸ்பால் பார்த்ததில்லை.

2008. இந்தியாவில் ஒரு டிவி போட்டி. 'மில்லியன் டாலர் ஆர்ம்'. கிரிக்கெட் பைத்தியம் பிடித்த நாட்டில் வேகமாகப் பந்து எறியும் கை கிடைக்காமலா போகும் என்று ஓர் அமெரிக்க ஏஜெண்டின் கணக்கு. ஆயிரக்கணக்கில் வந்து எறிந்தார்கள். கடைசியில் கிடைத்த இருவருமே ஈட்டிக்காரர்கள்.

கணக்கு சரியா தப்பா, சொல்லத் தெரியவில்லை.

மணிக்கு 87 மைல். நம் கணக்கில் 140 கிலோமீட்டர். இடது கை.

பத்து லட்சம் டாலர் என்று பேர். ரிங்கு வாங்கியது ஒரு லட்சம். அதுவும் சின்னக் காசில்லை, லாரி டிரைவர் வீட்டில்.

வாலாஜா டோல்கேட்டைத் தாண்டி வரிசையாக லாரிகள். யூபி நம்பர் பிளேட்டும் உண்டு. டயர் நிழலில் ஒருவர் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்.

2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 2009 ஜூலையில் கல்ஃப் கோஸ்ட் லீக்கில் ஆட்டம். அதே மாதம் ரிங்குவின் பெயரில் ஒரு வெற்றியும் எழுதப்பட்டது.

2012, வெஸ்ட் வர்ஜீனியா பவர் அணி. 39 ஆட்டம். 72 இன்னிங்ஸ். அவனுடைய நல்ல வருஷம்.

2013 ஆடவில்லை. 2014 ஆடவில்லை. 2015 ஆடவில்லை.

2014இல் அவன் கதை சினிமாவாக வந்தது. இசை ஏ.ஆர். ரஹ்மான். படத்தில் அவனாக நடித்தவர் பந்து எறிந்துகொண்டிருந்தார்.

டாமி ஜான் என்றொரு பிட்சர். 1974இல் அவருக்கு முதல்முதலாகச் செய்த ஆபரேஷன். இன்றும் அதற்கு அவர் பேர்தான். முன்கையிலிருந்து ஒரு நாரை எடுத்து, முழங்கை எலும்புகளில் துளை போட்டு, எட்டு வடிவத்தில் கோத்துக் கட்டினார் டாக்டர் ஃபிராங்க் ஜோப். ரிங்குவுக்கும் அந்த ஆபரேஷன்தான்.

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்கினால் நடுவில் நரம்பு மாதிரி ஒன்று எழும். அந்த நார்தான். சிலருக்குப் பிறவியிலேயே கிடையாது. இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாதாம்.

எனக்கு இருக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் என் கையையே பார்த்தார்.

1974 வரை பேஸ்பாலுக்குக் குதிரைத் தோல். அந்த வருஷம்தான் மாட்டுத் தோலுக்கும் அனுமதி. குதிரைத் தோலுக்குத் தட்டுப்பாடு.

அமெரிக்காவின் உச்ச லீக்கான மேஜர் லீக்கின் பந்துக்குத் தோல் பதனிடுவது டென்னஸியில், டல்லஹோமாவில். தைப்பது கோஸ்டாரிகாவில், துர்ரியால்பாவில். கையால். இதற்குச் சரியான மெஷின் இன்னும் அமையவில்லை.

ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூ அப்பர் தைக்கும் பெண்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்த விரல்களுக்கு என்ன ஆபரேஷன் உண்டு, யார் பேரில்?

புதுப் பந்து வழுக்கும். ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு பந்தின் மீதும் சேறு தேய்க்கிறார்கள். டெலவேர் ஆற்றுப் பக்கத்துச் சேறு. 1938இலிருந்து.

பாலாற்று மண்ணைப் பற்றி எழுத வேறு நோட்டு வேண்டும்.

வீசிய பேஸ்பால் மண்ணில் ஒருமுறை மோதினாலே அதை மாற்றிவிடுவார்கள். டெஸ்ட் கிரிக்கெட்டில் ஒரே பந்து 80 ஓவர் உழைக்க வேண்டும். ஒரு பக்கம் தேய்ந்தால் இன்னும் சந்தோஷம்.

சின்னப்பம்பட்டி நடராஜன். அவரும் இடது கை. ரஞ்சியில் ஆடத் தொடங்கியதுமே முழங்கையை மடக்குகிறார் என்று புகார். ஆக்‌ஷனையே மாற்றிக்கொண்டு வந்தார். பேஸ்பாலில் எவ்வளவு மடக்கினாலும் யாரும் கேட்பதில்லை.

2020இல் இந்திய அணியோடு ஆஸ்திரேலியாவுக்கு வலைப் பந்துவீச்சாளராகக் கூட்டிப்போனார்கள். ஒவ்வொருவராக அடிபட்டு விழ, அந்த ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகம்.

அடுத்தவன் கால் பிசகினால்தான் அழைப்பு வரும் என்றால் வேண்டிக்கொள்வது எப்படி?

மரியானோ ரிவேரா. இவரும் ரிலீஃப் பிட்சர். பனாமா. அப்பா மீன்பிடிப்பவர். சின்ன வயதில் கையுறைக்கு அட்டைப்பெட்டி. கடைசியில் 652 சேவ், அதாவது அணியின் முன்னிலையைக் கடைசிவரை காப்பாற்றிய ஆட்டங்கள். 2019இல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு வாக்களித்தவர்களில் ஒருவர்கூட அவரை விடவில்லை. பேப் ரூத்துக்கும் கிடைக்காதது. கடைசி இன்னிங்ஸில் வந்துவிட்டுப் போகிறவருக்கு!

சேவ் என்பது அதிகாரபூர்வக் கணக்கில் சேர்ந்ததே 1969இல்தான். அதற்கு முன்னால் காப்பாற்றியவர்கள் சும்மா காப்பாற்றினார்கள்.

ரிங்கு மேஜர் லீக் ஆட்டம் எதிலும் ஒரு பந்துகூட வீசியதில்லை.

2018இல் மல்யுத்தம். டபிள்யூடபிள்யூஈ. வீர் மகான் என்று பேர். நெற்றியில் திருநீற்றுப் பட்டை.

2021 கடைசியிலிருந்து 'வீர் மகான் வருகிறார்' என்று வாராவாரம் விளம்பரம். வருகிறார், வருகிறார். ஆள் வந்தது 2022 ஏப்ரலில். ரசிகர்கள் அதை ஜோக்காகவே ஆக்கிவிட்டார்கள். காத்திருப்பது அவனுக்குப் புதிதாக இருந்திருக்காது.

2024 ஏப்ரலில் அங்கேயும் விடுவித்துவிட்டார்கள்.

ரிங்குவோடு கூடப் போன இன்னொரு ஈட்டிக்காரன் தினேஷ் படேல். வாரணாசி. வலது கை. 2010இலேயே பைரேட்ஸ் விடுவித்தது. ஊருக்குத் திரும்பி மறுபடி ஈட்டியை எடுத்தான்.

பாய் இன்று கேட்டார். "அந்தப் பந்து, உள்ளே இன்னா வெச்சிருக்கான்?" கார்க், ரப்பர், அதன்மேல் கம்பளி நூல் என்றேன். நூல் எவ்வளவு நீளம் என்றார். 200 கஜத்துக்கு மேல். "அவ்ளோ சுத்தினா மேல்தோல் இழுக்கும். வயித்துத் தோல் ஆவாது. முதுகுதான்."