வலிக்காத ரத்தம்

பல் தேய்த்துத் துப்பினால் இளஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடும். 26 வயதிலிருந்தே எனக்கு அப்படித்தான். வலி இல்லை, அதனால் பிரஷ் குத்தியிருக்கும் என்று குழாயைத் திறந்துவிட்டுப் போய்விடுவேன். இப்போது 33. போன வாரம் பல் டாக்டர், மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு அளந்தார். "மூணு, மூணு, ஆறு." அந்த ஆறு என்னைத் தூங்கவிடவில்லை. அந்த இடத்தில் எலும்பே கரைந்திருக்கிறது.

தேடிப் படித்ததில் மனம் இன்னும் கனத்தது. 1970இல் ஈறு நோய் ஆய்வாளர் ஹரால்ட் லோவின் குழுவினர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். 14 முதல் 31 வயதுவரையான ஆண்கள். பல் மருத்துவம் எட்டாதவர்கள். 15 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் ஈறு அழற்சி. ஆனால் 100க்கு 11 பேருக்கு நோய் அதோடு நின்றது, 81 பேருக்கு மெல்ல நகர்ந்தது, 8 பேருக்கு ஓடியது. நோய் ஓடியவர்களுக்கு 45 வயதில் வாயில் பல்லே மிஞ்சவில்லை. நம் ஜனங்கள். கொழுந்து பறிக்கும் மலையில், கேட்க ஆளில்லாமல்.

தம்பிக்கு 24. நேற்று போனில், "துப்பும்போது ரத்தம் வருதாடா?" என்றேன்.

"எப்பவாவதுக்கா."

சனிக்கிழமை கூட்டிப் போகிறேன்.