தறிக்குக் கணக்கு, கடலுக்குக் கணிப்பு

காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில் குழித்தறி ஒன்றின் முன் நின்றால், நெய்யும் வேலையைவிட அதற்கு முன்பே முடிந்துவிட்ட வேலைதான் என் கவனத்தை இழுக்கிறது. கட்டம் போட்ட தாளில் வரைந்த பூ, அதைப் பார்த்துத் துளையிட்ட அட்டைகள், அந்த அட்டைகளைத் தாங்கித் தறிக்கு மேலே நிற்கும் ஜக்கார்டு பெட்டி. கோர்வைச் சேலைக்குக் கரை நாடா தனி. அதைத் தள்ள நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். ஒவ்வொரு ஊடையும் எங்கே போய் எங்கே திரும்ப வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகியிருப்பதால்தான் இருவர் கையும் ஒரே தாளத்தில் போகின்றன. இந்த ஊரில் எனக்குக் கடல் நினைவுக்கு வருவதற்குக் காரணம் ஒரு கப்பலின் பெயர். 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. ஒன்று ‘பி.டபிள்யூ. மேப்பிள்’, இன்னொன்று ‘டான் காஞ்சிபுரம்’. கொட்டிய எண்ணெய் தெற்கே பரவிச் சென்னைக் கரையில் ஒதுங்கியது. மீனவர்களும் மாணவர்களும் அதை வாளி வாளியாக அள்ளினார்கள்.

அந்த எண்ணெய் அடுத்த நாள் எங்கே இருக்கும் என்று சொல்வது கணினி மாதிரியின் வேலை. ஹைதராபாத்தில் 1999 முதல் இயங்கும் இன்காய்ஸ் என்னும் தேசியக் கடல் தகவல் மையம் இத்தகைய கணிப்புகளைத் தருகிறது. காற்று, நீரோட்டம், கொட்டிய இடம், கொட்டிய அளவு ஆகியவை தெரிந்தால் மாதிரி ஒரு பாதையை வரைந்து காட்டும். எண்ணூரில் முதலில் சொல்லப்பட்ட அளவும் பிறகு வெளிவந்த அளவும் ஒத்துப்போகவில்லை. அளவு தெரியாவிட்டால் எத்தனை பேர் எத்தனை நாள் அள்ள வேண்டும் என்று தெரியாது. நீரோட்டம் தெரியாவிட்டால் எந்தக் கரையில் நிற்க வேண்டும் என்றே தெரியாது. நீரோட்டத்தை அதனோடு சேர்ந்து போயே அளக்கும் கருவி மிதவை. உலகப் பெருங்கடல்களில் சுற்றும் வழக்கமான மிதவை ஒரு சிறு பந்து. அதற்குக் கீழே 15 மீட்டர் ஆழத்தை மையமாகக் கொண்டு துளைகளிட்ட நீண்ட துணிக்குழாய் தொங்கும். காற்று பந்தைத் தள்ளிவிடாமல் நீரின் போக்கிலேயே இழுத்துச் செல்வது அந்தக் குழாய்தான். மிதவை தான் இருக்குமிடத்தைச் செயற்கைக்கோள் வழியே சொல்லிக்கொண்டே போகும். நம் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் ‘பிரத்யூ’ என்ற உள்நாட்டு மிதவையைச் செய்திருக்கிறது. ஆனால் எண்ணெய் கிடப்பது கடலின் மேல்தோலில். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர் வங்கக் கடலின் மேலே மெல்லிய அடுக்காக நிற்கும்போது, 15 மீட்டரில் ஓடும் நீரும் மேல்தோலும் ஒரே வழியில் போகும் என்று நம்ப முடியாது. ஆகவே எண்ணெயைப் பின்தொடர ஒரு மீட்டருக்குள் மிதக்கும் வகை வேண்டும்.

இனி, மிதவையை இறக்கும் இடம். கப்பல் போகிற வழியில் போட்டுவிட்டு வருவது சுலபம்தான். ஆனால் ஒரே சுழலுக்குள் பத்து மிதவையைப் போட்டால் பத்தும் ஒரே கதையைத்தான் சொல்லும். கடலில் சில கோடுகள் உண்டு. அவற்றின் இந்தப் பக்கம் விழுந்தது வடக்கே போகும், அந்தப் பக்கம் விழுந்தது தெற்கே போகும். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பிரிகோடுகள் நாளுக்கு நாள் நகர்பவை. அவை இன்று எங்கே இருக்கக்கூடும் என்று முன்கூட்டிச் சொல்ல மாதிரியை விட்டால் வேறு வழியில்லை. கோட்டை ஒட்டி இரு பக்கமும் இறக்கிய சில மிதவைகள், கண்மூடி இறக்கிய பலவற்றைவிட அதிகம் சொல்லும். கிழக்குக் கரையோர நீரோட்டம் ஆண்டுக்கு இருமுறை திசை மாறுவது. எண்ணூர் விபத்து நடந்த ஜனவரிக் கடைசி, அப்படியொரு மாற்றத்தை ஒட்டிய காலம்.

மாதிரி சொன்ன இடத்தில் மிதவையை இறக்கி, அந்த மிதவையை வைத்தே மாதிரியைச் சோதிப்பது வட்டமடிப்பதாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மாதிரி உறுதியாகச் சொல்லும் இடங்களை மட்டும் தேர்ந்தால் அது வட்டம்தான். சற்றே மாற்றிய தொடக்கங்களோடு மாதிரியைப் பலமுறை ஓட்டி, விடைகள் ஒன்றோடொன்று முரண்படும் இடத்தில் இறக்கினால் வட்டம் உடைந்துவிடும். ஏனென்றால் அங்கே மிதவை எந்தப் பக்கம் போனாலும் மாதிரியின் ஏதோ ஒரு விடை பொய்யாகும். 2012இல் மெக்சிகோ வளைகுடாவில் அமெரிக்க ஆய்வாளர்கள் சுமார் 300 மிதவைகளை நெருக்கமான கொத்துகளாக விட்டார்கள். சில கிலோமீட்டர் அளவில் நீர் எவ்வளவு வேகமாகச் சிதறுகிறது என்பதைச் செயற்கைக்கோள் கணக்குகளும் மாதிரிகளும் குறைத்தே மதிப்பிட்டிருந்தன என்பதை அந்தக் கொத்துகள் காட்டின. தறியில் இழை வழி மாறினால் சேலைக்குக் குறை. அந்த வளைகுடாவிலோ வழி மாறியவைதான் உண்மையைச் சொன்னவை. மாதிரியை ஜக்கார்டு அட்டையைப் போலக் கட்டளையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நீவாடு என்னும் நீரோட்டத்தைப் பார்த்து வலை விடும் மீனவருக்குத் தெரியாததா கணினிக்குத் தெரியும் என்பது இன்னொரு மறுப்பு. தன் ஊர்க் கடலில் இன்று ஓடும் நீரை அவர் அறிவது போல எந்த மாதிரியும் அறியாது என்றே நினைக்கிறேன். ஆனால் நாளை மறுநாள் அறுபது கிலோமீட்டர் தள்ளி நீர் எப்படி ஓடும் என்பது வேறு கணக்கு. ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்க வேண்டியதில்லை. எண்ணூர், காசிமேடு, கோவளம் ஆகிய இடங்களில் மேல்தோல் மிதவைகள் பன்னிரண்டு பன்னிரண்டாக எப்போதும் தயாராக இருக்கட்டும். விபத்து நடந்த அன்றே இடத்தை மாதிரி சொல்லட்டும்; ‘அங்கே இன்று நீவாடு வேறு மாதிரி இருக்கிறது’ என்று படகுக்காரர் சொன்னால், பன்னிரண்டில் நான்கை அவர் காட்டும் இடத்தில் இறக்கலாம். இறக்கும் வேலையும் அவருடையதாகவே இருக்கட்டும், கூலியோடு.