பழைய குழலும் ஏரிக்கரை உப்புக்காற்றும்

பழவேற்காடு என்றதும் வரலாறு பயில்வோர்க்கு 1613ஆம் ஆண்டு டச்சுக்காரர் எழுப்பிய கெல்திரியாக் கோட்டை நினைவில் எழும். நம் சமுதாயப் பெரியவர்களுக்கோ கைலி வணிகமும் மரக்காயர் இல்லங்களும் நினைவுக்கு வரும். நமக்கு அண்மைக் காலமாக அவ்வூர் என்றாலே ஒரு கிளாரினெட்டுதான் நினைவுக்கு வருகிறது.

ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட குப்பமொன்றிலிருந்து வந்து நம்மிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர், திருமண பேண்டு குழுவில் கிளாரினெட் வாசிக்கிறார். இரவல் கருவியால் வரும் ஊதியத்தில் பாதி கருவிக்கு உரியவர்க்கே போய்விடும். ஆதலின் சொந்தமாக ஒன்று வாங்க விழைந்தார். உயர்தரப் புதுக்கருவியின் விலை எட்டாத உயரம். நல்ல பழங்கருவி ஒன்றே வழி. ஏரியில் முறைவைத்து வலைவிரிப்பதைப் ‘பாடு’ என்பர் அம்மக்கள். பாட்டில் ஈட்டிய பணத்தைப் பாட்டுக்கென எடுத்துவைத்திருந்தார் தந்தை. கருவியின்மேல் பொறித்த ஆங்கில எழுத்துகளைப் படித்துச் சொல்லவும், இசை கேட்டுப் பழகிய செவியை நம்பியும் நம்மை உடனழைத்தனர்.

“பேராசிரியருக்குக் குழலோடு என்ன வேலை?” என்று நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் வினவினார். நாகசுரத்தால் திருவரங்கத்தைத் தம் ஊராக்கிக்கொண்ட ஷேக் சின்ன மௌலானா அவர்கள் 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்றதை நினைவூட்டினோம். புன்னகைத்து விடையளித்தார்.

1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட் இன்றிருந்தால் நேரே அங்குதான் சென்றிருப்போம். இப்போது சென்னையில் மூன்று இடங்களில் மூன்று கருவிகளைக் கண்டோம்.

முதலாவது புகழ்பெற்ற பிரெஞ்சு முத்திரை கொண்டது. மாணவரின் கண்கள் ஒளிர்ந்தன. தந்தையோ முத்திரையைப் பாராமல் குழலின் மேற்பகுதியில் மரத்தின் ரேகைவழியே நகத்தை மெல்ல ஓட்டினார். கட்டுமரக் கட்டைகளைத் தடவிப் பழகிய விரல் அது. ஒரு துளையருகே நின்றது.

“கட்டை வெடிச்சிருக்குது ஐயா. எதையோ அடைச்சுப் பூசியிருக்காங்க.”

கிளாரினெட்டின் மரம் ஆப்பிரிக்கக் கருமரம். நீரிலிட்டால் மூழ்கும் அளவுக்கு அடர்ந்தது. ஊதும் மூச்சின் ஈரமும் வெம்மையும் உட்புறத்தை விரிக்க, வெளிப்புறம் உலர்ந்து நிற்பதால் வெடிப்பு உண்டாகிறது. அது பெரும்பாலும் மேற்பகுதியிலேயே தோன்றும். தேர்ந்த கைவினைஞர் அதனைச் செப்பனிடக் கூடும். ஆயினும் மறைத்து விற்பவரிடம் முழுவிலை கொடுப்பது முறையன்று.

இரண்டாவது கருவியில் வெடிப்பில்லை. ஒலியும் இனிது. ஆனால் உடலில் ‘எச்.பி.’ என இரண்டெழுத்துகள். உயர் சுருதி என்பது பொருள். பிரிட்டானிய இராணுவ பேண்டுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 452 அதிர்வுச் சுருதியில் வாசித்தன. இன்றைய கீபோர்டுகளோ 440. தனித்து வாசிப்போர்க்கு அது குறையன்று. குழுவில் சேர்ந்தால் பகையாகும். மாணவர் அதனைக் கீழே வைக்க மனமின்றி வைத்தார். நமக்கும் வருத்தமே.

மூன்றாவது பெயர் தேய்ந்த கருவி. சாவிகளின் வெள்ளிப்பூச்சு மங்கியிருந்தது. மேற்பகுதியின் துளைகளை மூடி, அடிவாயை உள்ளங்கையால் அடைத்து, காற்றை உறிஞ்சிப் பார்க்கச் சொன்னோம். பிடிப்பு நிற்கவில்லை. மெத்தைகள் நைந்துள்ளன, அவை மாற்றக்கூடியவை. (அம்மெத்தைகளின் மேலுறையை வணிகத்தில் ‘மீன்தோல்’ என்பர். உண்மையில் அது மாட்டுக்குடற் சவ்வு என்றபோது தந்தை சிரித்துவிட்டார்.) மரம் குறையற்றது. கிளாரினெட்டில் மேற்பதிவுச் சாவியை அழுத்தினால், நாகசுரம்போல் எட்டாம் சுரத்துக்கன்றிப் பன்னிரண்டாம் சுரத்துக்கு ஒலி தாவும். ஆகவே கீழ்ச்சுரத்தையும் அதன் மேற்சுரத்தையும் இணையிணையாகக் கீபோர்டோடு ஒப்பிட்டோம். இரண்டும் நின்றன. பின்னர் மாணவர் கல்யாணி ராகத்தைச் சற்றே இழைத்தார். 2008இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற ஏ.கே.சி. நடராஜன் அவர்களின் வாசிப்பைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர் அவர். விரல்கள் துளைகளில் வழுக்கிச் செல்ல, கமகம் தடையின்றி வந்தது. கடைக்காரர் தேநீரை மறந்து நின்றார்.

மெத்தைக்கும், துருப்பிடித்த எஃகு ஊசிவில்களுக்கும் ஆகும் செலவைக் கழித்தே விலை பேசினோம். தந்தை ரூபாய்த்தாள்களை இருமுறை எண்ணிக் கொடுத்தார்.

ஏரிக்கரை உப்புக்காற்று மரத்தைவிட அவ்வில்களுக்கே பெரும்பகை. வாசித்து முடித்ததும் ஈரத்தைத் துடைத்து, சாவிகளின் அச்சுகளில் எண்ணெய் துளியிட்டு, பெட்டியை மூடிவைக்க வேண்டுமெனப் பழுதுபார்ப்பவர் அறிவுறுத்தினார். துடைக்க மென்துணி வேண்டுமே என்றார் மாணவர். நம் வீட்டில் பல்லாண்டு துவைத்து நைந்த பழவேற்காட்டுக் கைலி ஒன்று இருந்தது. அதனைக் கிழித்து, முனையில் நூல்கட்டிக் கொடுத்தோம்.