பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் ஒரு ஹெலிகொப்டர்

எங்கள் பக்கம் வானத்தில் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் சின்னப் பிள்ளைகள் இஸ்தோப்பிலிருந்து குதித்து ஓடுவார்கள். வயசானவங்க மட்டும் மேலே பார்க்காமல் நெஞ்சில் கை வைப்பாங்க. காரணம் கேட்டால் 1974ஐச் சொல்வாங்க. அந்த வருஷம் டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு இறங்க வந்த மார்ட்டின் ஏர் விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேர். ஒருத்தர்கூட பிழைக்கவில்லை. நோட்டன் பிரிட்ஜ் பக்கம் போனால் அந்த விமானத்தின் சக்கரத்தை இன்றைக்கும் பார்க்கலாம். எங்கள் பாட்டிமாருக்குப் பறக்கிற சாமான் எதுவாக இருந்தாலும் அது விழப்போகிற சாமான்தான்.

நாங்கள் நாலு பேர். ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகிற வழியில் ஒரு தோட்டம், ஒரே லயம். 2017 மே 12 அன்று நோர்வூட் மைதானத்துக்கு மோடி வந்தபோது நாங்களும் கூட்டத்தில் நின்றோம். அவர் மேலும் பத்தாயிரம் வீடு என்று அறிவித்தபோது எல்லாரும் கை தட்டினாங்க. நாங்கள் பேசிக்கொண்டு வந்ததெல்லாம் அவரைக் கொண்டுவந்த ஹெலிகொப்டரைப் பற்றி. அவ்வளவு பெரிய சாமான் எப்படிடா அப்படியே காத்துல நிக்குது?

அடுத்த வருஷம் இன்னொரு காரணம் கிடைத்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்து மாணவர்களின் 'தக்‌ஷா' குழுவுக்கு அஜித் ஆலோசகராகப் போனார். அந்தக் குழு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாமிடம் எடுத்தது. தல ரிமோட் ஹெலிகொப்டர் பறக்க விடுகிற வீடியோக்களை நாங்கள் எத்தனை தடவை பார்த்தோம் என்று கணக்கில்லை. எங்களில் மூன்று பேர் தல, ஒருத்தன் தளபதி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவனும் எங்கள் பக்கம் வந்தான்.

டுபாயில் வேலை செய்த ஒருத்தனுடைய அண்ணன், லீவுக்கு வரும்போது யாரோ பாவித்துவிட்டு விற்ற 450 சைஸ் ஹெலிகொப்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். விசிறியின் விட்டம் கிட்டத்தட்ட 70 சென்ரிமீற்றர். பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஆனால் நிமிஷத்துக்கு 2,800 சுற்று சுற்றும்போது இறக்கையின் நுனி மணிக்கு 350 கிலோமீற்றருக்கு மேல் போகும். இந்தக் கணக்கை நாங்கள் போட்டுப் பார்த்தது பிந்தித்தான். முந்தியே போட்டிருக்கணும்.

முதல் மூன்று மாதம் அதைத் தரையிலிருந்து ஒரு அடிக்கு மேலே தூக்கவில்லை. கோழிக்கூட்டுக்கு வைத்திருந்த மூங்கில் குச்சி ரெண்டைக் குறுக்கே கட்டி, நுனிகளில் பிளாஸ்டிக் பந்து செருகி, அதன் கால்களோடு சேர்த்துக் கட்டினோம். சாய்ந்தாலும் இறக்கை மண்ணில் படாது. ட்ரோனை விட்டுவிட்டுக் கையை எடுத்தால் அது அப்படியே நிற்கும். இது அப்படியில்லை. உள்ளங்கையில் ஒரு கோலை நிமிர்த்தி வைக்கிற மாதிரி, ஒரு விநாடிகூட விடாமல் திருத்திக்கொண்டே இருக்கணும். இடது விரல் மேலே கீழே, வாலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம். வலது விரல் முன்னே பின்னே, சாய்வு. ஒன்றைத் தொட்டால் மற்ற மூன்றும் கெடும். போதாக்குறைக்கு எங்கள் உயரத்தில் காற்று வேற மெலிசு. ஹட்டன் கிட்டத்தட்ட 1,270 மீற்றர். கடலோரத்தை விட இங்கே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. வீடியோவில் சொன்ன அளவுக்கு வைத்தால் எங்களுடையது மூச்சு வாங்கிக்கொண்டு எழும்பும்.

பறக்க விட்ட இடம் பெரட்டுக்களம், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு. ஒன்பது மணிக்கு மேல் பள்ளத்திலிருந்து காற்று ஏற ஆரம்பித்துவிடும். ஒரு பெட்டரிக்கு ஆறு நிமிஷம்தான் கணக்கு, ஆளுக்கு ஒன்றரை நிமிஷம். ஒன்றரை நிமிஷத்துக்காக ஒரு கிழமை காத்திருந்தோம் என்றால் வெளியாட்கள் நம்பமாட்டாங்க.

இறக்கை உடைந்தால் சீனாவிலிருந்து வரணும். எங்கள் லயத்துக்கு இலக்கமும் இல்லை, வீதிப் பேரும் இல்லை. பார்சல் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கே எத்தனை நாள் கிடக்குமோ கிடந்து, தப்பால்காரர் கைக்கு வரும், அப்புறம்தான் எங்களுக்கு. ஒரு தடவை ஆறு கிழமை ஆனது. அதற்குள் நாலு பேர் அதைத் தூக்கிப் பார்த்திருப்பாங்க.

2018 கடைசியில் ஒரு ஞாயிறு. அன்றைக்குக் கைக்காசுக் கொழுந்து நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். களத்துக்குக் கீழே உள்ள மலையில்தான் ஆட்கள் நின்றாங்க. தெரிந்தும் விட்டோம். மூங்கில் குச்சியைக் கழற்றி ரெண்டு கிழமைதான் ஆகியிருந்தது, தலை கொஞ்சம் கனத்துப் போயிருந்தது. ஒன்பதரைக்கு ஒரு காற்று அடித்தது. ஹெலிகொப்டர் திரும்பி மூக்கை எங்கள் பக்கம் காட்டியது. மூக்கு நம்மைப் பார்த்தால் வலது இடதாகும், முன் பின்னாகும். ரிமோட் வைத்திருந்தவன் அதைத் திருப்பிக் கொண்டுவர நினைத்துத் தள்ளத் தள்ள, அது ரோட்டைத் தாண்டிக் கொழுந்து எடுக்கிற நெரைக்கு மேலே போனது. அவன் கை உறைந்துவிட்டது. பக்கத்தில் நின்றவன் எட்டி மோட்டாரை நிறுத்துகிற சுவிட்சைத் தட்டினான்.

சத்தம் நின்றது. ஒரு அம்மா கத்தின சத்தம் கேட்டது. நாங்கள் ஓடினோம்.

ஆட்கள் நின்ற இடத்துக்கு நாலு நெரை தள்ளி, தேயிலைக்குள் விழுந்து கிடந்தது. யாருக்கும் ஒன்றும் இல்லை. கங்காணி வாயில் வந்ததெல்லாம் சொல்லி ஏசினார், அதில் ஒரு சொல்லும் தப்பில்லை. எங்களில் கடைக்குட்டியின் அம்மாவும் அந்த நெரையில் இருந்தாங்க. நாங்கள் நாலு பேருமே அவங்களை அம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவங்க ஏசவில்லை. கூடையோடு குனிந்து, உடைந்த கார்பன் இறக்கையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாங்க:

"இது எத்தன பேருடா?"

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை, ஒரு நாள் சம்பளம். கூட்டு ஒப்பந்தப்படி எல்லாம் சேர்த்து அப்போது 730 ரூபா, அதுவும் கொடுப்பனவுக்கான கணக்கெல்லாம் சரியாக வந்தால்தான். ஆயிரம் வேணும் என்று ஊர் முழுக்கப் போராட்டம் நடந்த நேரம். அந்த இறக்கைச் சோடி, தபால் செலவோடு 3,600 ரூபா.

"ரெண்டு பேரும்மா" என்றோம்.

அதற்குப் பிறகு சரியாகப் பறக்கவில்லை. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள் நடந்தன. நாலாவது நாள் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை, ஆளில்லாமல் பறக்கும் எல்லாவற்றுக்கும் கொடுத்த அனுமதிகளை நிறுத்தியது. எங்களிடம் நிறுத்துவதற்கு அனுமதியே இருந்ததில்லை, அது வேறு கதை. நாலு தமிழ்ப் பொடியன்கள், ஒரு ரிமோட், வயர், பெட்டரி. அந்த மாதத்தில் இதை யாரிடம் விளக்கிச் சொல்வது? அரிசிச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம்.

ஜூன் மழை தொடங்கியது. டுபாய் அண்ணன் முந்தி வந்தபோது கொடுத்திருந்த குட்டி ஹெலிகொப்டர் ஒன்று இருந்தது, வி911 என்று ஒரு ரகம்.  அதைக் கடைக்குட்டி வீட்டுக் காம்பராவுக்குள் எடுத்தோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் ஒரு கட்டில், ஒரு அலுமாரி, சாமிப்படம், கொடியில் காயாத உடுப்பு. எங்கே தள்ளினாலும் மூன்றடியில் சுவர். ஆனால் காற்று இல்லை. மைதானத்தில் ஆறு மாதம் வராதது அந்த அறைக்குள் மூன்று கிழமையில் வந்தது. மூக்கு நம்மைப் பார்த்தபடி, அசையாமல், நெஞ்சு உயரத்தில்.

கடைக்குட்டிதான் முதலில் நிறுத்தினான். அம்மா கட்டிலில் தலையணையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு எண்ணினாங்க. நாற்பதுக்கு மேல் போனதும் தலையணையை இறக்கிவிட்டாங்க. அறுபத்தெட்டில் அது உடுப்பில் சிக்கி விழுந்தது. நாங்கள் கத்தினதில் பக்கத்து வீட்டார் சுவரைத் தட்டினாங்க.

அந்தச் சந்தோஷத்தில்தான் ஒருத்தன் வாயை விட்டான்: "அம்மா, அந்த எறக்க ரெண்டு பேர் இல்ல. அஞ்சு பேரு."

"தெரியும்" என்றாங்க. "பார்சல் மேல வெல எழுதியிருந்திச்சாம். கணக்கப்புள்ள அன்னைக்கே படிச்சுச் சொல்லிட்டாரு."

கட்டிலை விட்டு இறங்கி, கொடியில் சிக்கியிருந்த ஹெலிகொப்டரை எடுத்து நீட்டினாங்க. "அடுத்தது யாரு?"

இப்போது எங்களில் ரெண்டு பேர் கட்டாரில், ஒருத்தன் கொழும்பில் கடையில். பெரியது இன்னும் சாக்குக்குள்தான் இருக்கிறது. குட்டியின் பெட்டரி வீங்கிப்போய்விட்டது. போன கிழமை கட்டாரிலிருந்து ஒருத்தன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தான், புதுப் பெட்டரி நாலு, லீவுக்கு வரும்போது கொண்டுவருகிறானாம். விலையை மட்டும் சொல்லவில்லை.